பனியன் நகரைச் சுற்றிவந்த பொய்

2023 மார்ச் முதல் வாரம். ஹோலிக்கு ஊர் திரும்பும் தொழிலாளர்களால் பனியன் நகரான திருப்பூரின் ரயில் நிலையம் நிரம்பியிருந்தது. 'தமிழ்நாட்டில் பீகாரிகள் கொல்லப்படுகிறார்கள்' என்று அதற்குக் காரணம் கற்பித்தன சில இந்தி ஊடகங்கள்.

இதற்கு ஆதாரமாகப் பரவிய வீடியோக்களில் ஒன்று, பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல். இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் அடித்துக்கொண்டது. அப்போதைய தமிழ்நாடு டிஜிபி சைலேந்திரபாபு இதை விளக்கினார். ஆனால் அதற்குள் பீகார் சட்டமன்றத்தில் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பாஜக அமளியில் இறங்கிவிட்டது. மார்ச் 1 அன்று ஸ்டாலின் பிறந்தநாள் விழாவுக்குச் சென்ற அப்போதைய பீகார் துணை முதல்வர் தேஜஸ்வி யாதவையும் சேர்த்தே சாடியது. கட்சிக்குத் தேவைப்பட்ட கதையை ஊடகம் சரிபார்க்காமல் தூக்கிச் சுமந்தது பெருந்தவறு.

தமிழ்ப் பக்கமும் சுத்தமில்லை. அதே ஆண்டு ஜனவரியில், திருப்பூரில் நடந்த ஒரு சில்லறைத் தகராறு, 'வடக்கர்கள் தமிழர்களை விரட்டுகிறார்கள்' என்று இங்கே பரப்பப்பட்டது.

பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் விசாரித்தது. அவர்களிடையே பரவிய பீதிக்குக் காரணம் போலி வீடியோக்கள்தான். அடுத்த வீடியோ வரும்போது, எங்கே, எப்போது எடுத்தது என்று கேட்காமல் பகிராதீர்கள்.