காணித் துண்டாடலும் உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பும்

நகரங்களை அண்டியுள்ள தென்னந்தோட்டங்களும் வயல் நிலங்களும் வீட்டுக் காணிகளாகத் துண்டாடப்பட்டு விற்கப்படுவது இன்று நாட்டின் சகல பாகங்களிலும் காணப்படும் காட்சியாகும். விலை என்ன, தவணை வசதி உண்டா, பிரதான வீதி எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரிக்கும் மக்களில், அந்தப் பிரிவிடலுக்கு உள்ளூராட்சி சபை அங்கீகாரம் வழங்கியுள்ளதா என்று கேட்போர் மிகச் சிலரே. துண்டுகள் பலருக்கு விற்கப்பட்ட பின்னர் வீதியை அகலமாக்கவோ, வடிகாலுக்கு வழிவிடவோ, பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டிடம் ஒதுக்கவோ எவராலும் இலகுவில் இயலாது. வரைபடம் சபையின் பரிசீலனையில் இருக்கும் காலமே குறைகளைத் திருத்துவதற்கான தக்க தருணமாகும்.

1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதற்கான 1982 ஆம் ஆண்டுத் திருத்தமும், நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் அனுமதிப்பத்திரமின்றி அபிவிருத்தி வேலைகள் மேற்கொள்ளப்படுவதைத் தடை செய்கின்றன. காணியைப் பிரிவிடுவதும் இதில் அடங்கும். இவ்வதிகாரம் பெரும்பாலும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றினூடாகவே பிரயோகிக்கப்படுகிறது. நில அளவையாளர் தயாரித்த வரைபடம், உறுதியின் பிரதி ஆகியவற்றுடன் விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டதும் உத்தியோகத்தர்கள் காணியை நேரில் பார்வையிடுவர். அதன் பின்னர் திட்டமிடல் குழு தீர்மானம் எடுக்கும்.

இக்குழு கவனிக்க வேண்டியவை பல. ஒவ்வொரு துண்டும் போதிய பரப்பளவும் முகப்பும் கொண்டதா, வீதியின் அகலம் அதனால் பயன்பெறும் துண்டுகளின் எண்ணிக்கைக்குப் போதுமானதா, மழைநீர் எங்கே வடியும், மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் விட முடியுமா என்பன அவற்றுள் முக்கியமானவை. 1986 ஆம் ஆண்டின் திட்டமிடல் ஒழுங்குவிதிகள் வீட்டுத் துண்டொன்றின் ஆகக்குறைந்த பரப்பளவைப் பொதுவாக 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச் என நிர்ணயித்தன. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியாயின், வீதிகள் நீங்கலாக நூற்றுக்குப் பத்து வீதத்தைப் பொதுத் தேவைக்கும் திறந்த வெளிக்கும் ஒதுக்க வேண்டும் எனவும் விதித்தன. 2021 ஆம் ஆண்டில் புதிய ஒழுங்குவிதிகள் வந்த போதிலும் பொதுவெளி ஒதுக்கப்பட வேண்டும் என்னும் கோட்பாடு மாறவில்லை.

இந்தப் பத்து வீதம் பணக் கணக்கில் எவ்வளவு என்பதைப் பார்ப்போம். மூன்று ஏக்கர் என்பது 480 பேர்ச். வீதிகளுக்கு 80 பேர்ச் போனால் எஞ்சுவது 400 பேர்ச். அதில் 40 பேர்ச் பொதுவெளியாகும். பத்துப் பேர்ச் வீதம் விற்பவருக்கு இது நான்கு துண்டுகளின் விலை. ஒரே காணியை இரண்டு மூன்று விண்ணப்பங்களாகப் பிரித்துச் சமர்ப்பித்தால் ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேயருக்குக் குறைந்துவிடும் என்ற யோசனை எழுவதற்குக் காரணமும் இதுவே. எனவே ஒரு காணியின் முன்னைய வரலாற்றையும் அயற் காணிகளின் உரிமையையும் சேர்த்துப் பார்க்காமல் வரைபடத்தை மாத்திரம் பார்த்து அங்கீகரிப்பது பரிசீலனை ஆகாது.

நிலத்தின் தன்மையும் அவ்வாறே ஆராயப்பட வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியின்றி வயல் நிலத்தை நிரப்ப முடியாது. மண்சரிவு அபாயமுள்ள மலையகப் பகுதிகளில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு தேவை. 2016 மே மாதம் கொலன்னாவையையும் வெல்லம்பிட்டியையும் மூழ்கடித்த வெள்ளமும், 2025 நவம்பரில் தித்வா புயலின்போது மலையகத்தில் நேர்ந்த மண்சரிவுகளும், குடியிருக்கும் இடம் எதுவென்பது உயிர் சம்பந்தப்பட்ட விடயம் என்பதை உணர்த்தியுள்ளன.

வடக்கு கிழக்கு மக்களைப் பொறுத்தவரை இவ்விடயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாக வீடும் வளவும் கொடுப்பது தமிழ், முஸ்லிம் ஆகிய இரு சமூகங்களிடையேயும் நிலவி வரும் வழக்கமாகும். இரண்டு பரப்புக் காணி, அதாவது 20 பேர்ச், நான்கு பெண்களுக்குப் பங்கிடப்படும்போது ஒருவருக்கு ஐந்து பேர்ச்சே கிடைக்கிறது. நடைபாதைக்கும் விட்டால் அதுவும் குறையும். குடும்பத்துக்குள் அன்பினால் செய்யப்படும் இந்தப் பங்கீடும் சட்டத்தின் பார்வையில் பிரிவிடலே. உறுதி எழுதிப் பதிவு செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பெற்றோர் எண்ணுகின்றனர். ஆனால் உறுதி உரிமையைத் தருமேயன்றி, கட்டட அனுமதியைத் தராது. மகளும் மருமகனும் வீடு கட்ட விண்ணப்பிக்கும்போதே சிக்கல் வெளிப்படுகிறது. காத்தான்குடி போன்ற சனநெருக்கடி மிக்க ஊர்களில் இது பெரும் சமூகப் பிரச்சினையாகும். இத்தகைய ஊர்களில் விதியை இறுக்குவது மாத்திரம் தீர்வாகாது. ஒரே வளவில் மாடி வீடுகளாகக் கட்டுவதற்கு வழிகாட்டுவதும் சபைகளின் கடமையாகும்.

காணி வாங்குவோர் முற்பணம் செலுத்துவதற்கு முன்னரே, சபையின் அங்கீகாரம் பெற்ற வரைபடத்தைக் கேட்டு, அதன் இலக்கத்தைச் சபையில் உறுதிப்படுத்திக் கொள்வது அவசியம். 'அனுமதி விரைவில் கிடைக்கும்' என்ற வாய்மொழி உறுதிமொழி போதாது. தகவல் மறுக்கப்பட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கும். அதன்படி விண்ணப்பம் தொடர்பான தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கப்பட வேண்டும்.

பெரும்பாலான சபைகள் 2023 மார்ச் முதல் மக்கள் பிரதிநிதிகளின்றி உத்தியோகத்தர்களாலேயே நடத்தப்பட்டன. 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் பொறுப்பேற்றுள்ளனர். பெரிய பிரிவிடல் விண்ணப்பம் ஒவ்வொன்றையும், தீர்மானம் எடுக்கப்படுவதற்கு முன்னர், சபை அலுவலகத்திலும் சம்பந்தப்பட்ட காணியிலும் மும்மொழிகளிலும் காட்சிப்படுத்த அவர்கள் முன்வர வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் காணியில் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அயலவரே நன்கறிவர். அவர்களைக் கேட்டு முடிவெடுக்கும் சபைக்கு, பின்னாளில் வெள்ள நிவாரணம் வழங்கும் வேலை பெருமளவு குறையும்.