மட்டம் அறிந்தவன் கட்டிய தோட்டம்

மழைக்காலத்தில் காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஓர் ஏரிக்கரை எதிர்ப்படும். மதகைத் திறந்தால் வாய்க்காலில் நீர் கொப்பளித்து வரும். அதைத் தள்ள மோட்டார் வேண்டாம். ஏரியின் மட்டம் வாய்க்காலைவிட உயர்ந்திருந்தால் போதும். இந்த ஒன்றை வைத்தே சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் இலங்கையின் சிகிரியாவில் நீரூற்றுகள் ஆடின.

5ஆம் நூற்றாண்டின் இறுதியில் மன்னன் முதலாம் காசியப்பன், அங்கே ஏறத்தாழ 200 மீட்டர் உயரப் பாறையின் உச்சியில் அரண்மனை எழுப்பினான். மேற்கு அடிவாரத்தில் குளங்களும் ஓடைகளுமாக நீர்த்தோட்டம் அமைத்தான். நிலத்தடிக் கால்வாய்கள் வழியாக வரும் நீர், துளையிட்ட வட்டச் சுண்ணாம்புக்கல் பலகைகளின் வழியே மேலெழுந்தது.

10 மீட்டர் உயர நீர், ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். ஒரு மீட்டர் உயரம் கிடைத்தாலும் சிறு ஊற்றுக்குப் போதும். ஆனால் ஊற்றின் வாய் அகலமாக இருந்தால் நீர் விரைந்தோடி, வழியிலேயே உராய்வில் அழுத்தத்தை இழந்துவிடும். சிறு துளைகள் அந்த ஓட்டத்தை அடக்கி, அழுத்தத்தைக் கடைசிவரை காக்கின்றன. குழாய் முனையைக் கட்டைவிரலால் அழுத்திச் செடிக்கு நீர் பாய்ச்சுபவர்களுக்கு இது தெரியும்.

துளைக்கல் நமக்கும் புதிதல்ல. நம் பழைய ஏரிகளில் நீரை வெளியேற்றும் குமிழித் தூம்பில், மேலே தெளிந்த நீருக்கான நீரோடித் துளை, கீழே வண்டலுக்கான சேறோடித் துளை. இங்கே வயலுக்கு, அங்கே கண்ணுக்கு.

காசியப்பனின் தந்தை தாதுசேனன் கலாவெவ ஏரியைக் கட்டியவன். அதிலிருந்து அனுராதபுரம் நோக்கி 87 கிலோமீட்டர் செல்லும் யோத எல கால்வாய், தொடக்கப் பகுதியில் கிலோமீட்டருக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மட்டுமே சரிகிறது. புதையலைக் காட்டச் சொல்லி மகன் மிரட்டியபோது, கலாவெவ நீரைக் கையில் அள்ளி ‘என் செல்வம் இதுதான்’ என்றானாம் தந்தை. சூளவம்சம் என்னும் இலங்கை வரலாற்று நூல் சொல்லும் கதை இது. அவனைக் கொன்று அரியணை ஏறிய மகனின் தோட்டத்தை அழகாக்கியதும் நீர் என்னும் செல்வமே.

நல்ல மழை பெய்தால் சிகிரியாவின் சில ஊற்றுகள் இன்றும் பொங்குகின்றன. மட்டம் குலையவில்லை, வழி அடைபடவில்லை, காரணம் அவ்வளவுதான். பல்லவர் வெட்டிய ஏரிகளுக்கு நடுவே வாழும் நமக்கும் வேலை அதுவே: வரத்துக்காலைத் தூர்வார வேண்டும், மதகைக் காக்க வேண்டும். மீதியை நீர் பார்த்துக்கொள்ளும்.