எண்ணெய் தூக்கும் கலப்பை

சென்னை சென்ட்ரலில் இருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் திருவள்ளூரைத் தாண்டினால் ஏகாட்டூர், அதை அடுத்து கடம்பத்தூர். தொழிற்சாலைக் கூரையும் கழனியும் மாறி மாறி வரும் பகுதி இது. மார்கழி கடைசியில் நவரைப் பட்டத்துக்குச் சேடை ஓட்டும் நேரத்தில் வரப்போரம் பத்து நிமிடம் நின்றால் ஓர் அதிசயத்தைப் பார்க்கலாம். மினி டிராக்டர் ஒன்று வரப்பை நெருங்குகிறது. ஓட்டுபவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வலது கையின் இரண்டு விரலால் ஒரு லீவரை மேலே இழுக்கிறார். சேற்றில் புதைந்து சுழன்றுகொண்டிருந்த ரொட்டவேட்டர், ஒட்டிய சேறும் சொட்டும் தண்ணீருமாக, ஒரு மூச்சு விடும் நேரத்தில் இடுப்பு உயரத்துக்கு வந்துவிடுகிறது. வண்டி திரும்பியதும் பூப்போல் கீழே இறங்குகிறது. அதன் எடை ஏறக்குறைய 200 கிலோ. நான்கு ஆள் சேர்ந்தாலும் சேற்றில் இருந்து அதைப் பிடுங்க முடியாது.

என் சித்தப்பாவுக்கு இந்த ஊர்ப் பக்கம் மூன்று ஏக்கர். இரண்டில் நெல், ஒன்றில் மாமரமும் மல்லிச் செடியும். பெரிய டிராக்டர் மாமரக் கிளைக்குள் நுழையாது, மல்லிப் பாத்தியில் திரும்பாது. சிறிய வண்டி ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்தவர், "எத்தினி எச்.பி. வாங்கலாம், சொல்லு" என்று என்னிடம் கேட்டார். டிராக்டர் வாங்கப் போகிற எல்லோருக்கும் முதலில் வாயில் வரும் கேள்வி இதுதான். நான் அவரிடம் வேறொரு கேள்வியைத் திருப்பிக் கேட்டேன்: "சித்தப்பா, அது எவ்ளோ தூக்கும், எங்க வெச்சுத் தூக்கும்னு கேட்டீங்களா?"

அந்தக் கேள்விக்கு விடை டிராக்டரின் பின்பக்க இரும்புப் பெட்டிக்குள், எண்ணெயில் இருக்கிறது.

அடைத்துவைத்த திரவத்தில் ஓர் இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று பிரான்ஸ் நாட்டு அறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் சொன்னார். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். அதை வைத்து ஜோசப் பிரமா என்ற ஆங்கிலேயர் 1795-இல் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று கடம்பத்தூருக்குப் பக்கத்து மேல்நல்லாத்தூரில், முன்பு இந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திய ஆலையில், கேட்டர்பில்லர் நிறுவனம் சுரங்கங்களுக்கான பிரம்மாண்ட டம்பர் லாரிகளைச் செய்கிறது. பல டன் பாறையோடு அந்த லாரிகளின் தொட்டியைச் சாய்க்கும் அதே விதிதான், நாலு தெரு தள்ளி மல்லித் தோட்டத்தில் கலப்பையையும் தூக்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறு டிராக்டர் ஒன்றின் லிஃப்ட் சிலிண்டர் 7 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம், ஒரு டீ டம்ளரின் வாய் அளவு. அதன் பரப்பு 38.5 சதுர செ.மீ. எண்ணெயின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 150 கிலோ என்றால், பிஸ்டனைத் தள்ளும் விசை 5,775 கிலோ. டீ டம்ளர் வாயில் ஐந்தே முக்கால் டன்! அப்படியானால் விளம்பரத்தில் ஏன் 750 கிலோ என்று மட்டும் போடுகிறார்கள்? பிஸ்டன் நகர்வது 10 செ.மீ. போல. கலப்பை எழும்ப வேண்டியதோ அரை மீட்டருக்கு மேல். நடுவில் இருக்கும் நெம்புகோல் விசையைக் கொடுத்துத் தூரத்தை வாங்கிக்கொள்கிறது. கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்களுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் புதிதல்ல.

எண்ணெயைத் தள்ளுவது கைக்குள் அடங்கும் ஒரு பம்ப். இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துச் சுழன்று எண்ணெயை வாரி வாரி அனுப்புகின்றன. பம்ப் அழுத்தத்தைத் தயாரிப்பதில்லை. அது எண்ணெயைத் தள்ள மட்டுமே செய்கிறது. எதிரே சுமை தடுக்கும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. சுமை அளவு மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும். தூக்க முடியாத சுமையை மாட்டிக்கொண்டு லீவரைப் பிடித்து இழுக்கும்போது வண்டி 'கீ' என்று கத்துகிறதே, அது அந்த வால்வின் குரல். அந்தச் சத்தம் கேட்டபின்னும் லீவரை விடாதவர், எண்ணெயைச் சுட வைத்துக்கொண்டிருக்கிறார்.

தூக்குவது பாதிக் கதைதான். மீதிக் கதை அயர்லாந்தில் தொடங்குகிறது. ஹாரி ஃபெர்குசன், 1884-இல் பிறந்த விவசாயி மகன். முதல் உலகப் போர்க் காலத்தில் டிராக்டர் உழவைச் சீர்செய்யும் வேலை அவரிடம் வந்தது. அந்நாளைய டிராக்டர்கள் கலப்பையை மாட்டுவண்டிபோல் பின்னால் கட்டி இழுத்தன. கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால் சக்கரம் நின்றுவிடும், எஞ்சின் நிற்காது. அந்த விசையில் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி, வண்டி அப்படியே பின்னால் கவிழ்ந்து ஓட்டுபவர்மேல் விழும். எத்தனையோ பேர் அப்படிச் செத்தார்கள்.

ஃபெர்குசன் கலப்பையை டிராக்டரின் உறுப்பாகவே ஆக்கினார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை, மொத்தம் மூன்று புள்ளியில் பிடிப்பு. மேலே இருக்கும் அந்த ஒற்றைக் கையைத்தான் நம்மூரில் 'டாப் லிங்க்' என்கிறோம். மண்ணுக்குள் கலப்பை ஓடும்போது மண் அதன் கொழுவைப் பின்னால் இழுக்கிறது. கொழு பின்னால் போனால் கலப்பையின் மேல்பக்கம் முன்னால் சாயப் பார்க்கும். அப்போது அது டாப் லிங்க்கை டிராக்டரை நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தம் முன்சக்கரம் எழும்பாமல் தரையில் பிடித்துவைக்கிறது. கவிழ்க்கப் பார்த்த விசையைக்கொண்டே கவிழாமல் காத்தார் மனிதர்.

அதோடு விடவில்லை. டாப் லிங்க் வந்து அழுத்தும் இடத்தில் ஒரு சுருள்வில்லை வைத்தார். மண் கெட்டியானால் வில் கூடுதலாக அமுங்கும். வில் அமுங்கினால் எண்ணெய் வால்வு சற்றே திறக்கும். கலப்பை ஒரு விரற்கடை மேலே வரும். மேலே வரும்போது அதன் எடையும் மண்ணின் எடையில் ஒரு பங்கும் பின்சக்கரத்தின்மேல் ஏறி, சக்கரத்துக்குப் பிடி கிடைக்கும். மண் இளகியதும் வில் விரிந்து கலப்பை பழைய ஆழத்துக்கு இறங்கும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை. வில்லும் எண்ணெயும் மட்டுமே மண்ணைத் தடவிப் பார்த்து, நொடிக்கு நொடி முடிவெடுக்கின்றன. மனித மூளை கண்டுபிடித்த மிக அழகான கருவிகளில் ஒன்று என்று இதை நான் தயங்காமல் சொல்வேன். காப்புரிமை 1926-இல் கிடைத்தது. இன்று விற்கும் சின்ன வண்டிகள் சிலவற்றிலும் டிராஃப்ட் கன்ட்ரோல் என்ற பெயரில் அது இருக்கிறது. ரொட்டவேட்டருக்கு, கருவியை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் லீவர்; கொத்துக் கலப்பைக்கு, மண்ணுக்கேற்ப ஆழத்தை மாற்றும் டிராஃப்ட் லீவர். இந்த வித்தியாசம் தெரியாமல் பத்து வருடம் ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

1938-இல் ஹென்றி ஃபோர்டும் ஃபெர்குசனும் காகிதம் எதிலும் எழுதாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்தார்கள். மறுவருடம் ஃபோர்டு 9என் டிராக்டர் வந்தது. பிற்பாடு அந்த உறவு முறிந்து வழக்காகி, 1952-இல் ஃபெர்குசனுக்கு 92.5 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டு அவர் நிறுவனம் மாஸி-ஹாரிஸுடன் இணைந்தது. 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கி, செம்பியத்தில் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்தது. செம்பியம் பெரம்பூருக்குப் பக்கம்; கடம்பத்தூர் போகும் அதே ரயில் பாதை. அயர்லாந்து விவசாயி மகனின் வில், அறுபது வருடமாக நம் வீட்டுப் பாதையிலேயே இருக்கிறது.

இனி சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். மஹிந்திரா யுவ்ராஜ் 215 வண்டி 15 எச்.பி. அதன் லிஃப்ட் 778 கிலோ என்கிறார்கள். குபோட்டா நியோஸ்டார் பி2441 வண்டி 24 எச்.பி. அதன் லிஃப்ட் 750 கிலோ. எச்.பி. கூடினால் தூக்கும் திறனும் கூடும் என்று கட்டாயம் இல்லை. இந்த எண்களிலும் கவனிக்க ஒன்று உண்டு. விளம்பரத்தில் வரும் எடை பெரும்பாலும் கீழ்க்கைகளின் நுனியில், உருண்டை மூட்டில் தூக்கும் எடை. கருவியின் எடை அந்த நுனியிலா நிற்கிறது? அதற்கும் பின்னால் தள்ளித் தொங்குகிறது. குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டிப் பிடித்துத் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு இது.

மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிறுவனம் இருக்கிறது. அங்கே டிராக்டரைச் சோதிக்கும்போது நுனியில் எவ்வளவு, நுனிக்கு 610 மி.மீ. பின்னால் எவ்வளவு என்று இரண்டு அளவும் எடுக்கிறார்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது எண். சுமையைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அரை மணி நேரத்தில் அது எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்க்கிறார்கள். சேற்றில் ஓட்டி, உள்ளே தண்ணீர் புகுந்ததா என்றும் பார்க்கிறார்கள். வாங்கப்போகும் மாடலின் புத்னி அறிக்கையைக் கடைக்காரரிடம் கேளுங்கள். நம் வரிப்பணத்தில் நமக்காகச் செய்த சோதனை அது.

விலை விஷயம் சுருக்கமாக. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைந்தது. மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுக வேண்டும், வண்டி வாங்கும் முன்பே. வருடத்தில் சில நாள் வேலைதான் என்றால் சொந்த வண்டியே வேண்டாம்; அதே துறையின் இ-வாடகைத் திட்டத்தில் எடுத்து ஓட்டுவது மேல்.

சித்தப்பா இதற்கு முன்பு ஒரு பழைய வண்டி வைத்திருந்தார். ஒரு சேடைப் பருவம் முடிந்ததும் லிஃப்ட் தானாக இறங்க ஆரம்பித்தது. நான் அளவுக்குச்சியை உருவிப் பழைய பனியன் துணியில் துடைத்துப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய், மோர் நிறத்தில் இருந்தது. சேற்றுத் தண்ணீர் தேய்ந்த ஆயில் சீல் வழியாக உள்ளே போயிருந்தது. பல வண்டிகளில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான், எனவே கெட்டது இரண்டும். தண்ணீர் கலந்த எண்ணெய் வழவழப்பை இழந்து, உள்ளே துருவை உண்டாக்கும். வால்வுக்குள் நழுவும் தண்டுக்கும் அதன் துளைக்கும் இடையே உள்ள சந்து, தலைமயிரின் தடிமனில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். அந்தச் சந்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மண்துகள் உரசிக் கீறல் போட்டால், அழுத்தம் அதன் வழியே கசிந்துவிடும். மெக்கானிக் மொத்தப் பெட்டியையும் பிரித்தார். நடவு பத்து நாள் தள்ளிப்போனது.

ஆகவே பராமரிப்பு என்பது பெரும்பாலும் சுத்தம்தான். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடையுங்கள். புனலைக் கழுவிக் காய வையுங்கள். வண்டியின் கையேட்டில் எழுதிய எண்ணெய் வகையை மாற்றாதீர்கள். புது வண்டியில் பல்சக்கரங்கள் உரசி உதிரும் இரும்புப் பொடி முதல் 50 மணி நேரத்தில்தான் அதிகம். அந்த முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். சேடை முடிந்த அன்றைக்கே சீல்களைச் சுற்றிய சேற்றையும் வைக்கோலையும் கழுவிவிட்டு, மறுநாள் காலை எஞ்சினைக் கிளப்பும் முன் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள்.

ஓஸ் எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்ப்பது நம் பழக்கம். அதை இன்றோடு விட்டுவிடுங்கள். சதுர செ.மீ.க்கு 150 கிலோ அழுத்தத்தில் ஊசித் துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் விரல் அழுகத் தொடங்கும். ஓர் அட்டைத் துண்டை நீட்டிக் கசிவைத் தேடுங்கள். தப்பித் தவறிக் கையில் பட்டால் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், எண்ணெய் உள்ளே ஏறியது என்று சொல்லுங்கள்.

சித்தப்பா சிறிய வண்டிதான் வாங்கினார். ரொட்டவேட்டரை எடை மேடையில் நிறுத்திய பிறகே வாங்கினார். இப்போது மாலையில் மாமரத்தடியில் வண்டியை நிறுத்தும்போது, ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் சாவியை எடுக்கிறார். தூக்கி நிறுத்திய கருவியைத் தாங்கிக்கொண்டிருப்பது சிலிண்டருக்குள் அடைபட்ட கொஞ்சம் எண்ணெய் மட்டுமே, அது எப்போது வேண்டுமானாலும் கசியலாம். நீங்களும் இறக்கிவிட்டே இறங்குங்கள். வண்டியைச் சுற்றித்தான் பிள்ளைகள் விளையாடுவார்கள்.