முள்ளெலும்புக்குள் ஈரம் தேடும் சி.டி.

குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிக்குத் தாங்க முடியாத முதுகு வலி. சி.டி. எடுத்துப் பார்த்தால் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருக்கின்றன. இரண்டும் நேற்று நசுங்கியவையா, அல்லது ஒன்று பல வருடங்களுக்கு முன்பே நசுங்கி ஆறிப்போனதா? எலும்பின் வடிவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்வது கடினம். வைத்தியம் தேவைப்படுவதோ பெரும்பாலும் புது முறிவுக்கு.

முறிவைக் கண்டுபிடிப்பதில் சி.டி.யின் திறமையை யாரும் சந்தேகிப்பதில்லை. அடிபட்ட கழுத்தெலும்பு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான கணக்கின்படி, சாதாரண எக்ஸ்ரே நூற்றில் 52 காயங்களையே பிடித்தது, சி.டி. 98ஐப் பிடித்தது. முறிவின் வயதுதான் அதற்குப் பிடிபடாமல் இருந்தது.

எலும்பு புதிதாக உடைந்தால் உள்ளிருக்கும் மஜ்ஜையில் ரத்தமும் நீரும் கசிந்து தேங்கும். எம்.ஆர்.ஐ.யில் இந்த நீர்க்கோப்பு பளிச்சென்று தெரியும். சி.டி. ஒவ்வொரு புள்ளிக்கும், இந்தக் கருவியைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் ஓர் எண் தருகிறது: தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000. கொழுப்பு நிறைந்த மஜ்ஜையின் எண் சுழிக்குக் கீழே; நீர் சேர்ந்தால் அது ஏறும். ஆனால் மஜ்ஜையைச் சுற்றிப் பின்னியிருக்கும் மெல்லிய எலும்பு இழைகளின் கால்சியம் அந்த எண்ணை எங்கோ தூக்கிவிடுகிறது. சிறிய ஏற்றம் அதில் மூழ்கிப்போகிறது.

இரட்டை ஆற்றல் சி.டி. இதற்கு அழகான வழி கண்டது. ஒரே இடத்தை இரண்டு விதக் கதிர்களால், உதாரணமாக 80, 140 கிலோவோல்ட்டில், படம் எடுக்கிறது. ஆற்றல் குறைந்த கதிரைக் கால்சியம் மிக அதிகமாக விழுங்கும். நீரிலும் கொழுப்பிலும் அந்த வித்தியாசம் சொற்பம். இரண்டு படங்களையும் ஒப்பிட்டு, எந்தப் புள்ளியில் எவ்வளவு கால்சியம் என்று கணினி கணக்கிட்டுக் கழித்துவிடுகிறது. மிஞ்சுவது மஜ்ஜை மட்டும். நீர்க்கோப்பு உள்ள முள்ளெலும்பு தனி நிறத்தில் எழுந்து நிற்கும். பேஸ்மேக்கர் காரணமாக எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவர்களுக்கு இது பெரும் உதவி என்பேன்.

இந்தப் படம் 'புதிய முறிவு' என்று காட்டினால் பெரும்பாலும் நம்பலாம். எதுவும் காட்டாதபோது அதே உறுதி கிடையாது. எலும்பின் கெட்டியான விளிம்பை ஒட்டிய இடத்தில் கணக்கு தடுமாறும். தேய்மானத்தால் இறுகிய எலும்பும் குழப்பும்.

எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் கிழிந்ததையோ தண்டுவடம் நசுங்கியதையோ சி.டி.யால் உறுதியாகச் சொல்ல முடியாது. எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருந்தும் தண்டுவடம் காயப்பட்ட குழந்தைகளைப் பற்றி பேங், வில்பெர்கர் என்ற இரு மருத்துவர்கள் 1982இலேயே எழுதினார்கள். விழுந்தவருக்குக் கை கால் மரத்துப்போயிருந்தால், சி.டி. எவ்வளவு சுத்தமாக வந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும்.