ரொக்கத்தை மறுக்கும் உரிமை கடைக்காரருக்கு உண்டா?

பெருநகரங்களில் சில காபிக் கடைகளிலும் உணவகங்களிலும் 'ரொக்கம் வாங்குவதில்லை' என்ற அறிவிப்பைப் பார்க்க முடிகிறது. நோட்டை நீட்டினால் 'ஜிபே பண்ணிடுங்க' என்ற பதில் வருகிறது. ரிசர்வ் வங்கி வெளியிட்டு, மத்திய அரசு உத்தரவாதம் கொடுத்த பணத்தை ஒரு கடை எப்படி வேண்டாம் என்று சொல்லலாம்? அது குற்றம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் இன்றைய சட்டம் அவ்வளவு திட்டவட்டமாக எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பதே என் வாதம்.

1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 26ஆம் பிரிவில், ஒவ்வொரு நோட்டும் அதில் குறித்த தொகைக்கு இந்தியாவின் எந்த இடத்திலும் சட்டப்படி செல்லும் என்கிறது. நாணயங்களுக்கு 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் இருக்கிறது. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் கொண்ட நாணயங்கள் 1,000 ரூபாய் வரையிலான தொகைக்கும், 50 காசு நாணயங்கள் 10 ரூபாய் வரைக்கும் செல்லும். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் பத்து ரூபாய் நாணயத்தைப் பல ஊர்களில் வாங்க மறுத்தார்கள். வெவ்வேறு காலத்தில் வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே 2018இல் அறிக்கை விட வேண்டியிருந்தது. காரணம் எளிது. 'செல்லும்' என்று சொல்லும் 26ஆம் பிரிவும் சரி, நாணயச் சட்டமும் சரி, வாங்க மறுக்கும் கடைக்காரருக்கு என்ன தண்டனை என்று சொல்லவில்லை.

சிக்கல் இன்னும் ஆழமானது. பணம் சட்டப்படி செல்லும் என்பதன் முழு வலு, ஒரு கடன் ஏற்பட்ட பிறகுதான் தெரியும். அலமாரியில் இருக்கும் சோப்பை நீங்கள் எடுத்துக் கல்லாவுக்குக் கொண்டுபோகும்போது உங்களுக்கும் கடைக்கும் இடையே இன்னும் ஒப்பந்தமே உருவாகவில்லை. இன்ன வகையில் பணம் தந்தால்தான் விற்பேன் என்று கடைக்காரர் அப்போது நிபந்தனை போடலாம் என்று வாதிட இடமிருக்கிறது. உணவகத்தில் நிலைமை வேறு. சாப்பிட்டு முடித்தவுடன் நீங்கள் கடன்பட்டவர். முன்கூட்டியே அறிவிக்காமல் பில்லை நீட்டும்போது மட்டும் ரொக்கம் வேண்டாம் என்றால், அந்த மறுப்பை நியாயப்படுத்துவது கடினம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி, தர வேண்டியதை முறையாகத் தர முன்வந்தவர், மற்றவர் ஏற்க மறுத்த காரணத்தால் தவறியவர் ஆகமாட்டார். கடன் தீர்ந்துவிடாது, ஆனால் பணம் கட்டாமல் ஏமாற்றினார் என்ற பழியும் உங்கள் மேல் விழாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே நிலைதான். தனியார் கடை ரொக்கம் வாங்கியே தீர வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. அந்த இடைவெளியை மாசசூசெட்ஸ் மாநிலம் 1978லேயே அடைத்தது. 2019இல் பிலடெல்பியாவும் நியூஜெர்சியும், 2020இல் நியூயார்க் நகரமும் சட்டம் போட்டன.

'பிடிக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போகலாமே' என்பது முதல் எதிர்வாதம். காபிக்கு அது பொருந்தும். இரவு நேரத்தில் திறந்திருக்கும் ஒரே மருந்துக் கடைக்கோ, நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரே பெட்ரோல் பங்க்குக்கோ பொருந்தாது. ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர், வங்கிக் கணக்கு வீட்டில் வேறொருவர் கையில் இருக்கும் பெண், வெளியூரிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர் ஆகியோருக்கு ரொக்கம் மட்டுமே வழி. வசதி உள்ளவர்களும் தப்ப முடியாது. 2025 மார்ச் 26இலும் ஏப்ரல் 12இலும் யுபிஐ நாடு முழுவதும் தடுமாறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது பல பகுதிகளில் மின்சாரமும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பாலும் மெழுகுவர்த்தியும் வாங்க உதவுவது கையில் இருக்கும் நோட்டுதான்.

ரொக்கத்தால் கள்ளநோட்டு, சில்லறைத் தட்டுப்பாடு, திருட்டுப் பயம் என்று கடைக்காரர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அதற்கு மருந்து வரம்புகள்தான். முழு மறுப்பு அல்ல. வரி ஏய்ப்பு என்ற வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. 2017 முதலே வருமான வரிச் சட்டம் ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று தடுத்திருக்கிறது. ஐம்பது ரூபாய்க்கு மாத்திரை வாங்குபவர் வரி ஏய்க்கவில்லை; பில் போடாமல் விற்பவர்தான் ஏய்க்கிறார். சுங்கச்சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் இல்லாத வண்டிக்கு இரட்டைக் கட்டணம் போட்ட அரசை உதாரணம் காட்டுவோரும் உண்டு. ஆனால் அது அரசிதழில் வெளியான விதி, நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். ஒரு கடைக்காரர் தன் வசதிக்காக ஒட்டும் அறிவிப்புக்கு அந்தத் தகுதி கிடையாது.

நார்வே 2024 அக்டோபரில் செய்தது நமக்கு நல்ல முன்மாதிரி. நிலையான கடைகளில் 20,000 குரோனர் வரை ரொக்கமாகச் செலுத்தும் உரிமையை அங்கே சட்டம் உறுதிசெய்தது. ஆளில்லாத இயந்திரங்களுக்கு விலக்கும் கொடுத்தது. இங்கேயும் உணவு, மருந்து, எரிபொருள், போக்குவரத்து, மருத்துவம் ஆகியவற்றுக்கு ஒரு தொகை வரை ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று ஒரு பிரிவு சேர்த்தால் போதும். வணிகரின் சுதந்திரத்தில் தலையிடுவதா என்று தயங்க வேண்டியதில்லை. தலையீடு ஏற்கெனவே நடந்துவிட்டது. ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள் ரூபே அட்டை, யுபிஐ போன்ற வழிகளில் பணம் வாங்க ஏற்பாடு செய்தே ஆக வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் வரிச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே அபராதத்தை, கையில் நோட்டோடு நிற்பவரைத் திருப்பி அனுப்பும் கடைக்கும் விதிக்கலாம்.