வகுப்பு முடிந்த பிறகு

இந்தத் தொடரில் இதுவரை வகுப்பறைக்குள் நடப்பதைப் பார்த்தோம். இந்த வாரம் விடுதிக்குப் போவோம். ஒரே பாடத்தைப் படிக்கிறவர்கள் ஒரே கட்டடத்தில் தங்கி, ஆசிரியர்களும் அங்கேயே கிடைத்தால் படிப்பு வேரூன்றும் என்பது என் உறுதியான கருத்து. 1927இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்டர் மிக்கிள்ஜான் தொடங்கிய சோதனைக் கல்லூரி இதைச் செய்தே காட்டியது. மாடிசன் நகரில் ஏரிக்கரையை ஒட்டிய ஆடம்ஸ் ஹால் என்ற விடுதியில்தான் மாணவர்களின் அறைகளும் ஆசிரியர்களின் அலுவலகங்களும் இருந்தன. முதலாண்டு முழுக்க கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ். இரண்டாம் ஆண்டு அமெரிக்கா. எல்லாருக்கும் ஒரே பாடம் என்பதால், காலையில் பாதியில் நின்ற வாதத்தை இரவுச் சாப்பாட்டின்போது எந்த முன்னுரையும் இல்லாமல் தொடரலாம்.

இப்படிச் சேர்கிறவர்கள் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள், அதனால்தான் நன்றாகப் படிக்கிறார்கள் என்பார்கள். நியாயமான கேள்வி. டார்ட்மவுத் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு அறைத்தோழரைக் குலுக்கல்போல் ஒதுக்கியதை வைத்து, புரூஸ் சாசர்டோட் 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அங்கே யாரும் தோழரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் மதிப்பெண்ணில் அறைத்தோழரின் தாக்கம் தெரிந்தது; கேளிக்கைக்குப் பேர்போன ஃப்ராட்டர்னிட்டி சங்கங்களில் சேருவதிலும் தெரிந்தது. ஆக, கூட வசிப்பது நல்ல பக்கமும் இழுக்கும், வேறு பக்கமும் இழுக்கும். கட்டிலும் மெஸ்ஸும் கொடுத்துவிட்டு, மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நிர்வாகம் இருந்துவிடக் கூடாது.

எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பது எது? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் கண்டது இங்கே உதவும். கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்க, சீன அமெரிக்க மாணவர்கள் தேறினார்கள். குடும்பம், வருமானம், ஊக்கம் என்று பேராசிரியர்கள் சொன்ன காரணம் எதுவும் நிற்கவில்லை. வித்தியாசம் படிக்கும் விதத்தில் இருந்தது. முன்னவர்கள் தனியாக உட்கார்ந்து மணிக்கணக்கில் உழைத்தார்கள். நட்பு வேறு, படிப்பு வேறு. பின்னவர்கள் சேர்ந்து சாப்பிட்டு, விடைகளை ஒப்பிட்டார்கள். ஒருவருக்கு மட்டும் விடை மாறினால் தவறு எங்கே என்று அப்போதே தெரிந்துவிடும். ஒருவருக்குமே வராவிட்டால் கணக்கே கடினம் என்று புரியும். தனியாளோ தன் புத்தியையே சந்தேகிப்பான். திறமைசாலிகளைக்கூடப் படிப்பைவிட்டு விரட்டுவது இந்தச் சந்தேகம்தான் என்று நினைக்கிறேன். 1978 முதல் டிரைஸ்மன் நடத்திய கூட்டுப் பயிலரங்குகளில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் நன்றாக உயர்ந்தன.

இப்படிச் சேர்ந்து தங்கிப் படிப்பவர்கள் மூடிய கூட்டமாகிவிட மாட்டார்களா என்ற அச்சமும் உண்டு. மாடிசனில் அப்படித்தான் குறை சொன்னார்கள். சேர்க்கை குறைந்தது, 1932இல் கல்லூரி மூடப்பட்டது. பெண்களுக்கு அங்கே இடமே இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இவை யாரைச் சேர்த்தார்கள் என்பதில் உள்ள குறைகள், சேர்ந்து படிப்பதில் உள்ளவை அல்ல. விடுதிக் கட்டணம் கட்ட முடியாதவர்கள், வீட்டிலிருந்து வருபவர்கள் கதி என்ன என்பதே எனக்குப் பெரிய கேள்வி. டிரைஸ்மனின் பயிலரங்குக்கு விடுதிவாசம் தேவைப்படவில்லை. மிக்கிள்ஜானின் மாணவரான ஜோசஃப் டஸ்மன் 1965இல் பெர்க்லியில் அதே வகைப் படிப்பைத் தொடங்கியபோது, அதற்கென ஒரு வீடு இருந்தது. மாணவர்கள் தூங்கியது வேறிடத்தில். படிக்கவும் பேசவும் கூடியது அந்த வீட்டில்.