கம்பளி நூலுக்கு வீட்டில் சாயமேற்றுவோர் கவனத்திற்கு

காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். நூலோடு பழகிய அப்பகுதியிலிருந்து அண்மையில் ஒரு மூதாட்டி இரவுநேர இருமலுடனும் மூச்சிரைப்புடனும் வந்தார். துறைமுகப் புகையே காரணம் என அவர் எண்ணியிருந்தார். விசாரித்தபோது, பேரக்குழந்தைக்குத் தொப்பி பின்னுவதற்காகச் சில மாதங்களாகக் கம்பளி நூலுக்குத் தாமே சாயமேற்றி வருவது தெரிந்தது.

கம்பளி ஒரு புரதம். நம் தோலும் மூச்சுக்குழலின் உட்பரப்பும் அவ்வாறே. ரியாக்டிவ் சாயங்கள் புரதத்தோடு வேதிமுறையில் பிணைபவை. ஆகவே சுவாசத்தில் கலக்கும் தூள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகிறது. முதல் நாளே இது தோன்றாது. பலமுறை பழகிய பின்னரே, சில வேளைகளில் தூளைக் கையாண்டு பல மணி நேரம் கழித்தே, இரைப்பு தலைகாட்டும். அதனால்தான் காரணம் எளிதில் பிடிபடுவதில்லை.

ஆபத்து பெரும்பாலும் உலர்ந்த தூளில்தான். மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசமும் கையுறையும் அணிந்து கரையுங்கள். சமையல் பாத்திரம் வேண்டா. மீந்த கரைசலைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கவே வேண்டா. நிறம் பிடிக்கப் படிகாரம் போதும், டைகுரோமேட் நஞ்சு.

ஆஸ்துமா உள்ளவர்கள் சாயத்தூளைத் தவிர்த்து மஞ்சளைப் பயன்படுத்தலாம். வெயிலில் வெளுக்கும், அவ்வளவே. இரைப்பு ஏற்பட்டால் சாயப் பொட்டலத்தையும் உடன் கொண்டு வாருங்கள்.